நாற்காலியில் கும்மி: பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் நடன வகுப்பு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஜூலை முதல் 2024 மார்ச் வரை பாளையங்கோட்டையில் ஒரு தெரு நலச்சங்கக் கட்டடத்தில் நடந்த வகுப்பைப் பற்றிய பதிவு இது. நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்கான நடன வகுப்பு. நடத்தியது நான், பல வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். கூட நின்றது என் தோழி, பிசியோதெரபிஸ்ட். வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

யோசனை தோழியுடையது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து வீடு தேடிப் பிசியோதெரபி வருவது நடக்கிறது. ஆனால் ஒரு முறை வந்துபோனதற்கும் அடுத்த முறைக்கும் இடையில் முதியவர்கள் தனியாகப் பயிற்சி செய்வதில்லை என்பது அவளுடைய குறை. “பயிற்சி எழுதிக் கொடுத்த தாள் பத்து நாள் கையில இருக்கும், அப்புறம் பீரோவுக்குள்ள போயிரும்” என்பாள். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001இல் பார்க்கின்சன் என்ற, அசைவைத் தடுமாறவைக்கும் நரம்பு நோய் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பின் காணொளிகளைக் காட்டியவளும் அவள்தான். அதில் ஆடுபவர்களை யாரும் நோயாளிகளாக நடத்தவில்லை. அந்த ஒன்றுதான் என்னை இழுத்தது. அங்கே கூடம் எப்படி இருந்தது, நாற்காலி எப்படி இருந்தது, கழிவறை எங்கே இருந்தது என்பதையெல்லாம் நான் கவனிக்கவில்லை.

வந்தவர்கள்

முதல் வாரம் 13 பேர். பத்துப் பெண்கள், மூன்று ஆண்கள். வயது 64 முதல் 83 வரை. பாதிப் பேருக்கு மேல் முட்டுத் தேய்மானம். பக்கவாதம் வந்து இடது கை, கால் பலவீனமான ஒரு தாத்தா. பார்க்கின்சன் உள்ள ஒரு சார், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மனைவி கூடவே வருவார். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்த மூன்று பேர். அவர்களில் ஒருவர் முதல் நாள் ஒற்றைச் செருப்போடு படியேறி வந்தார். இன்னொன்று ஆட்டோவிலேயே கழன்றுவிட்டிருந்தது. நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தார்.

தோழி இரண்டு சோதனைகள் வைத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்பது ஒன்று. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறார்கள் என்பது மற்றொன்று. 70 முதல் 74 வயதுப் பெண் ஒருவர் பத்து முறைக்குக் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். எங்களிடம் ஏழு பேருக்குப் பூஜ்யம்.

சோதனையில் தவறில்லை, வைத்த விதத்தில் தவறு. எல்லாரும் பார்க்க, கூடத்தின் நடுவில் வைத்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், “எம் பிள்ளைகளுக்கு நான் போட்ட முட்டையெல்லாம் இப்ப எனக்கே திரும்பி வருது” என்று சிரித்தார். மற்ற ஆறு பேர் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

முதல் நான்கு வாரம்

எனக்குத் தெரிந்ததைக் கொண்டு தொடங்கினேன். உட்கார்ந்தபடி தட்டடவு (பரதத்தில் பாதத்தைத் தட்டிப் பழகும் முதல் அடவு), ஒற்றைக் கை முத்திரைகள், நாட்டியாரம்பத்தில் கையை விரித்துப் பிடிப்பது. நிற்க முடிந்த ஆறு பேர் முன்வரிசை, மற்றவர்கள் பின்வரிசையில் நாற்காலி. நிற்பவர்கள் முன்னால் இருந்தால் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும் என்பது உறைக்கவில்லை.

நாட்டியாரம்பம் முதல் வாரத்திலேயே தோற்றது. தோள் மட்டத்தில் கையை நிறுத்திவைப்பது தோள் இறுகியவர்களுக்குத் தண்டனை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வரும் என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். நான் கையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். தாழ்த்தினால் அது நாட்டியாரம்பமாக இல்லை என்று எனக்குத்தான் உறுத்திக்கொண்டிருந்தது; அவர்களுக்கு வலித்துக்கொண்டிருந்தது.

காலணி விஷயத்திலும் இதே கதைதான். பாதத்தில் உணர்வில்லாதவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நானோ நமஸ்காரம் செய்யும் தரையில் செருப்புக் காலை வைத்துப் பழகாதவள். மூன்று வாரம் வெறுங்காலோடுதான் விட்டேன். தோழி சண்டை போட்ட பிறகு, கூடத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்ள மூன்று ஜோடி எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை உள்ளவர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கினோம். இன்றைக்கும் வகுப்பு தொடங்கும்போது என் கண் ஒரு தடவை அந்தச் செருப்புகளின் மேல் போய்விட்டுத்தான் வருகிறது.

வருகை 13இலிருந்து எட்டாக இறங்கியது. நாள் தேர்விலும் அபத்தம் இருந்தது. செவ்வாய், வெள்ளி என்று வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலருக்கு ஜும்மா, சிலருக்கு உபவாச ஜெபம். மூன்று மதத்துக்கும் ஒத்துவராத நாளை ஒரே முயற்சியில் கண்டுபிடித்திருந்தோம்.

ஐந்தாம் வாரம்

ஆகஸ்ட் முதல் வாரம், ஆடி வெள்ளி. ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். பின்வரிசையில் 72 வயது ஆச்சி ஒருவர், இரண்டு முட்டும் தேய்ந்தவர். முன்வரிசை நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி யாரும் சொல்லாமல் எழுந்தார். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி. இருக்கையின் ஓரத்தைப் பிடித்து உந்தினார். மொசைக் தரையில் நாற்காலி பின்னால் வழுக்கிப் போனது. ஆச்சி ஒரு கணம் நேராக நின்றார், பிறகு கண் செருகிப் பக்கவாட்டில் சரிந்தார். நான் மூன்று எட்டு தூரத்தில் இருந்தேன். மூன்று எட்டு அதிக தூரம்.

எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம், மணிக்கட்டில் சுளுக்கு, இடுப்பில் கன்றிப்போன தடம். மாலையில் அவர் மகன் வந்து, “முடியாதவங்கள ஆட வச்சு யாருக்குக் காட்டுதீங்க?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வகுப்பை நிறுத்தினேன்.

ஏன் விழுந்தார்

ஒரு வாரம் கழித்து ஆச்சி வீட்டுக்குப் போனோம். என் மனதில் இருந்த விடை முட்டு பலவீனம். பயிற்சி கடுமை, அதனால் குறைக்க வேண்டும் என்று முடிவே செய்திருந்தேன். ஆச்சி சொன்னது வேறு.

“ஏன் ஆச்சி எந்திரிச்சீங்க? நான் சொல்லலையே?”

“எல்லாரும் நிக்காவ. நான் மட்டும் மூலையில சாக்கு மூட்டை மாதிரி இருக்கணுமாக்கும்?”

தோழி சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். ஆடி வெள்ளி விரதம், காலையில் ஒரு காப்பிதான். பிரஷர் மாத்திரை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார். தண்ணீர்? “வகுப்புக்கு வார அன்னைக்கு நான் தண்ணியே குடிக்கிறதில்ல டீச்சர். அங்க குத்தவச்சு இருக்கிற கக்கூஸ்லா இருக்கு. உக்காந்தா எந்திரிக்க முடியாது.”

தோழி படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள், மேல் அளவு 138. எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது 112. எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே மயக்கம் வரும் ஆபத்து உண்டென்று கவனிக்க வேண்டும், இவருக்கு 26. மாத்திரையை நாங்கள் தொடவில்லை. அளவுகளை எழுதிக்கொடுத்து அவருடைய டாக்டரிடம் அனுப்பினோம். டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றினார்.

பிறகு எல்லாருக்கும் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன்: வகுப்பு அன்று தண்ணீர் குடிக்கிறீர்களா? பெண்களில் ஆறு பேர் இல்லை என்றார்கள். நின்றுபோன ஐந்து பேரில் இருவர் நின்றதற்குக் காரணமே கழிவறைதான். யாரும் முன்பு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு வாரமாக அடவை எப்படி எளிமையாக்கலாம் என்று வீட்டில் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆச்சி வீட்டில் கண்டது

அன்று வகுப்புக்கு வரும் பக்கத்துத் தெரு மதினி ஒருவரும் ஆச்சியைப் பார்க்க வந்திருந்தார். நாட்டியாரம்பத்தில் கையைத் தோள் வரைக்கும் கொண்டுவர முடியாமல் முகம் சுளிப்பவர் அவர். பேச்சு ஆடிக்கொடைக்குப் போனது, அங்கிருந்து முளைப்பாரிக்கு. இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கும்மியடிக்கத் தெரியவில்லை, வெறுமனே கை தட்டுகிறார்கள் என்று மதினிக்கு ஆதங்கம். “இப்படில்லா அடிக்கணும்” என்று உட்கார்ந்த இடத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு, நிமிர்ந்து நெஞ்சுக்கு நேரே ஒரு தட்டு, வலப்பக்கம் திரும்பித் தலைக்கு மேலே ஒரு தட்டு. கை தலைக்கு மேலே போய்விட்டது.

தோழி என்னைப் பார்த்தாள். மதினிக்குத் தெரியவே இல்லை. ஆச்சி சுளுக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தொடையில் தட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

தோள் திடீரென்று குணமாகவில்லை. மெதுவாகத் தூக்கி நிறுத்திவைக்கும்போது வலிக்கிற கை, பாட்டின் வேகத்தில் போய் உடனே இறங்கும்போது அவ்வளவு வலிக்கவில்லை. தெரிந்த அசைவு என்பதால் பயமும் இல்லை. பிசியோதெரபியில் இதற்கு விளக்கம் உண்டு. எனக்கு அன்று கிடைத்தது ஒரு குட்டு. இவர்களுக்கு ஆடத் தெரியாது என்ற எண்ணத்தோடு நான் வந்திருந்தேன்.

எடுத்த முடிவுகள்

செப்டம்பர் முதல் வாரம், திங்கள், வியாழன் என்று நாளை மாற்றி மறுபடி தொடங்கினோம். அதற்கு முன் செலவெல்லாம் நடனத்துக்கு வெளியேதான். கழிவறையில் கமோட் நாற்காலி ஒன்று போட்டோம், கோப்பையின் மேல் அப்படியே வைத்துவிடலாம், சர்ஜிகல் கடைகளில் கிடைக்கிறது. வாசலில் மூன்று படி, அதற்கு வலப்பக்கம் ஒரு கம்பி. கைப்பிடி உள்ள நாற்காலிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் காலுக்கடியிலும் ரப்பர் விரிப்பு. வந்ததும் எல்லாரும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை விதியாக்கினோம். தலைமையாசிரியை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், அதன்பின் யாரும் தப்ப முடியவில்லை.

வரிசை போனது, வட்டம் வந்தது. எல்லாருக்கும் நாற்காலி, எனக்கும் சேர்த்து. நிற்க முடிந்தவர்களும் முதல் அரை மணி நேரம் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். இதில் தோழிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. நிற்கக்கூடியவரை உட்காரவைத்தால் அவருக்குப் பயிற்சி குறைகிறது என்றாள். அவள் சொன்னது சரி. பின்னால் அது தெரிந்தது. ஆனால் அந்த வாரம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆச்சி சாக்கு மூட்டை என்ற சொல்லைச் சொன்ன பிறகு, ஒருவர் நிற்க ஒருவர் உட்கார்ந்திருக்கும் கூடத்தை என்னால் அமைக்க முடியவில்லை.

ஆச்சி வருவாரா என்பது சந்தேகமாக இருந்தது. மகன் தானே நேரில் வந்து கமோட் நாற்காலியை அசைத்துப் பார்த்தார், படிக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அடுத்த திங்கள் ஆச்சி வந்தார்.

கும்மி வட்டம்

பாட்டில் சிக்கல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முளைப்பாரிப் பாட்டு அம்மன் பாட்டு. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஒரு அம்மா, “எனக்கு இது ஆகாது டீச்சர், கோவிச்சுக்காதீங்க” என்று கையை மடக்கிக்கொண்டார். விவாதிக்கவில்லை. சாமி பெயர் வராத நடவுப் பாட்டுகளையும் ‘தன்னானே’ போட்டு மெட்டை மட்டும் பாடுவதையும் பொதுவில் வைத்துக்கொண்டோம். டிசம்பர் முதல் வாரம் அந்த அம்மாவே தான் சிறுமியாக இருந்தபோது ஆலயத்தில் அடித்த கிறிஸ்துமஸ் கும்மியை எடுத்துவிட்டார். அடி முளைப்பாரி அடியேதான்.

பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு ஒரு கைதான் ஓடும். ஒற்றைக் கையில் கும்மி எப்படி? பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையை நீட்ட, அதில் இவர் அடித்தார். இடது கை மடியில் கிடந்தது. சில வாரத்துக்குப் பின் அந்தக் கையையும் வலது கையால் தூக்கிக் கொண்டுவந்து பக்கத்தவர் உள்ளங்கையில் வைக்கத் தொடங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோலாட்டக் கழி விரலில் நிற்காதவர்களுக்குப் பழைய வேட்டித் துணியைக் கழியில் சுற்றித் தடிமனாக்கினோம்.

பார்க்கின்சன் உள்ள சாருக்கு வட்டம் போதவில்லை. அவருடைய தொல்லை வாசற்படி. படியருகே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், பாதம் வராது. வெளியிலிருந்து வரும் தாளம் இப்படி உறையும் காலை விடுவிக்க உதவும் என்பது பலகாலமாகத் தெரிந்ததுதான். எனக்குத் தெரிந்த தாளம் சொல்கட்டு, தாளத்தை வாயால் சொல்லும் அசைகள். முதலில் ‘தகிட, தகிட’ என்று சொன்னேன், கும்மி பெரும்பாலும் திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக, ஓடுவதால் அதுவே வாயில் வந்தது. அவர் தடுமாறினார். வீட்டுக்கு வந்து நானே நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மூன்றில் நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அழுத்தம் வலம், இடம் என்று கால் மாறி விழும். கைக்கு அது அழகு, தயங்கும் காலுக்குக் குழப்பம். ‘தகதிமி’ என்று நான்காக்கினேன். ‘த’ என்றால் எப்போதும் வலது கால். படி தாண்டினார்.

இதிலும் நேரம் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கின்சனுக்கான லீவோடோபா மாத்திரையை ஏழு மணிக்குப் போடுகிறார்; பத்தரை தாண்டினால் அதன் வேகம் இறங்கிவிடும். பத்து மணி வகுப்பில் அவருடைய நடையைக் கடைசியில் வைத்திருந்தோம். முதல் பத்து நிமிடத்துக்கு மாற்றினோம். வீட்டில் அவர் மனைவி சமையலறையிலிருந்தே ‘தகதிமி’ சொல்கிறாராம். சில நாள் கோபத்திலும் சொல்வதாகச் சார் என்னிடம் முறையிட்டார்.

அதன் பின்

அக்டோபரில் சங்கத்தார் மேடை நிகழ்ச்சி கேட்டார்கள். மேடைக்கு ஐந்து படி. மறுத்தோம். வேண்டுமானால் கூடத்திலேயே வட்டத்துக்கு வெளியே குடும்பத்தார் உட்காரட்டும் என்றோம். அப்படி ஒரு நாள் நடந்தது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் வகுப்பு நின்றது. கட்டடத்தில் வெள்ளநிவாரணப் பொருட்கள் அடுக்கியிருந்தார்கள். பொங்கல் கழித்துத் தொடங்கியபோது ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கு ஆட்டோ செலவு கட்டவில்லை. ஷேர் ஆட்டோ பேசியும் அவர்கள் தெரு வழியே வர ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் காரணம் சொல்லவில்லை.

மார்ச்சில் சோதனையை மறுபடி வைத்தோம், இந்த முறை பக்கத்து அறையில், ஒவ்வொருவராக. வந்த ஒன்பது பேரில் முதல் முறை பூஜ்யம் வாங்கியவர்கள் ஐந்து. அவர்களில் மூன்று பேர் கையூன்றாமல் எழுந்தார்கள். நடைச் சோதனையில் சிலருக்கு இரண்டொரு விநாடி குறைந்தது, இருவருக்குக் கூடியது. ஒன்பது பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது, நாளுக்கு நாளும் இந்த அளவு மாறும். தோள் அசைவில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. சமநிலையில் தெரியவில்லை. நவம்பரில் எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் வீட்டுக் குளியலறையில் விழுந்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சமநிலை வராததற்குக் காரணம் நான் எடுத்த நாற்காலி முடிவு. நின்று, கொஞ்சம் தள்ளாடி, அதைச் சமாளித்துப் பழகினால்தான் சமநிலை வரும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலையும் தசை வலுவும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எங்களுடையது இரண்டு நாள், அதுவும் உட்கார்ந்து. ஜனவரிக்குப் பின்தான் மூன்றாவது பாட்டில் மட்டும், விரும்பியவர் எழுந்து தன் நாற்காலிக்குப் பின்னால் வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு ஆடலாம் என்று திறந்துவிட்டேன். வட்டம் கலையவில்லை, முன் பின் என்ற பேச்சு வரவில்லை. இதைச் செப்டம்பரிலேயே செய்திருக்கலாம். ஒரு விழுதலுக்குப் பயந்து நான்கு மாதம் எல்லாரையும் உட்காரவைத்தேன்.

இன்னொரு தடவை என்றால் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கூடத்துக்கு ஒருவரைக் கூட்டிப்போவேன். வரப்போகிறவர்களில் நடமாட்டம் மிகக் குறைந்தவரை. அவர் படியேறி, கழிவறை போய், உட்கார்ந்து எழுந்து, திரும்ப ஆட்டோ ஏறும்வரை கூட நிற்பேன். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்ப்பது முதல் நாளே நடக்கும். நிற்கும் பாட்டுக்கு இரண்டு உதவியாளர்கள் வேண்டும்; தோழி ஒருத்தியால் ஆகாது. ஆண்கள் ஏன் மூவருக்கு மேல் வரவில்லை என்பதற்கு இன்னும் விடை பிடிபடவில்லை. ஆண்கள் ஆடிவந்த ஒயிலாட்டத்தை வைத்துப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாசலில் வலப்பக்கம் மட்டும் கம்பி வைத்ததும் தவறுதான். ஏறும்போது பக்கவாதம் வந்த தாத்தா நல்ல கையால் பிடித்து ஏறிவிடுகிறார். இறங்கும்போது கம்பி அவருடைய இடப்பக்கம் வந்துவிடும். அதனால் வகுப்பு முடிந்ததும் கூடத்தைப் பார்த்தபடி, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக மூன்று படியையும் இறங்குகிறார். ஆச்சி கீழே நின்று “இன்னும் ஒண்ணுதான்” என்று சொல்கிறார். இடப்பக்கக் கம்பிக்கு வெல்டர் அளவெடுத்துப் போனார், இன்னும் வரவில்லை.